ஷாவிலிருந்து செக் புத்தகம் வரை

ஆங்கிலத்தில் ‘செக்’ என்ற சொல்லுக்குப் பெரிய அகராதிகள் பக்கக்கணக்கில் பொருள் சொல்கின்றன. அவற்றில் கணிசமானவை தமிழ்ப் பேச்சிலும் வந்து தங்கிவிட்டன. வங்கியில் கொடுப்பது செக். மாநில எல்லையில் லாரியை நிறுத்துமிடம் செக் போஸ்ட். ரயிலில் ஏறி வருபவர் டிக்கெட் செக்கர். ரத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டு வருவது செக்கப். எதிராளியை நகரவிடாமல் மடக்கினால் ‘செக் வைத்தார்’ என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுகின்றன. நிறுத்துதல், சரிபார்த்தல், துணியில் போடும் கட்டம், பணம் கொடுக்கும் சீட்டு என்று ஒன்றோடொன்று ஒட்டாதவைபோல் தோன்றும் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல்தான் அந்த வேர்.

இந்தச் சொல் ஐரோப்பாவுக்குள் இரண்டு தடங்களில் நடந்தது. ஒன்று சதுரங்க அரசனின் தடம். மற்றொன்று அந்த அரசன் நின்ற பலகையின் தடம். நிறுத்துவதும் சரிபார்ப்பதும் முதல் தடத்தில் வந்தவை. கட்டமும் கருவூலமும் இரண்டாவதில் வந்தவை. பிரிந்துபோன இரண்டும் இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தருகே மறுபடி சந்தித்தபோது பிறந்தது வங்கிச் செக்.

சதுரங்கம் இந்தியாவில் தோன்றியது என்பதில் ஆட்ட வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷசரிதத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கங்கள் கொண்ட படை என்பதால் சதுரங்கம். பாரசீகர்கள் அதைச் ‘சத்ரங்’ என்றார்கள். 7ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை வென்ற அரேபியர்கள் ஆட்டத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அரபியில் சகர ஒலி இல்லாததால் அது ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. காய்களில் சிலவற்றின் பெயர்களை அவர்கள் மொழிபெயர்க்காமல் பாரசீகத்திலேயே விட்டுவிட்டார்கள். அரசன் ‘ஷா’வாகவே நின்றான். தேர் ‘ருக்’ ஆக நின்று, பின்னாளில் ஆங்கிலத்தில் ‘ரூக்’ ஆனது.

எதிரியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று வாய்விட்டுச் சொல்லி எச்சரிப்பது அன்றைய ஆட்ட மரபு. மற்ற காய்களைச் சொல்லாமல் வெட்டலாம். அரசனை மட்டும் அப்படி வீழ்த்துவது மரியாதையன்று. இன்றைய போட்டி விதிகளில் இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் ஆடுபவர்கள் இன்னமும் ‘செக்’ என்று குரல் கொடுக்கத்தான் செய்கிறார்கள். இந்தியில் அதுவே ‘ஷஹ்’. ஆட்டம் முடியும்போது சொல்லப்படும் ‘ஷா மாத்’ என்ற தொடருக்கு ‘அரசன் மாண்டான்’ என்று அரபு வழியில் பொருள் சொல்வார்கள். ‘அரசன் செய்வதறியாது நிற்கிறான்’ என்பது பாரசீக வழிப் பொருள். ஆட்டத்தில் அரசனை யாரும் கொல்வதில்லை; தப்ப வழியில்லாமல் நிறுத்துவதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதனால் பாரசீக விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ‘செக்மேட்’ இந்தத் தொடரின் நேர் வாரிசு.

ஸ்பெயின், சிசிலி வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. சுவிட்சர்லாந்தின் ஐன்சிடெல்ன் மடத்தில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் லத்தீன் செய்யுள் ஒன்று அங்கே சதுரங்கத்தைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளில் அடங்கும். லத்தீன் எழுதிய துறவிகளுக்கு ‘ஷாஹ்’ என்பதன் இறுதி ஒலி ககரமாகக் கேட்டது. சொல் ‘ஸ்காக்குஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சு, ஸகர மெய்யில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் எகரம் சேர்த்துக்கொள்ளும் வழக்கமுடையது. அங்கே அது ‘எஸ்செக்’. ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னொட்டிய எகரம் உதிர்ந்து ‘செக்’ நின்றது. பன்மையான ‘எஸ்செஸ்’ என்பதிலிருந்து ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’ வந்தது. ஆக செக்கும் செஸ்ஸும் ஒரு சொல்லின் ஒருமையும் பன்மையும்தான். ஆட்டம் ஆடப்பட்ட பலகையை லத்தீனில் ‘ஸ்காக்காரியும்’ என்றார்கள், பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’. இந்தப் பலகைச் சொல்லின் கதை பின்னால் வருகிறது.

முதலில் அரசனின் தடம். செக் வைக்கப்பட்ட அரசன் தன் விருப்பப்படி நகர முடியாது; ஆடுபவர் வேறெந்தத் திட்டம் வைத்திருந்தாலும் அதை நிறுத்திவிட்டு அரசனைக் காக்க வேண்டும். இந்தத் தடையே சொல்லின் அடுத்த பொருளாயிற்று. 14ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் திடீர்த் தடை, பின்னடைவு, கண்டிப்பு என்ற பொருள்களில் அது வழங்கியது. பருந்து வளர்த்து வேட்டையாடியவர்கள் அதற்குத் தங்கள் தொழிலில் தனிப்பொருள் கொடுத்தார்கள். ஏவிவிட்ட பருந்து துரத்திய இரையை விட்டுவிட்டு வழியில் தென்பட்ட வேறு பறவையின் பின்னால் போனால் அது ‘செக்’. கடிவாளத்தை இழுத்துக் குதிரையை அடக்குவதும், கோபத்தை அடக்குவதும், எதிரிப் படையின் முன்னேற்றத்தைத் தடுப்பதும் செக் ஆயின. அமெரிக்க அரசியல் சட்டத்தை விளக்குபவர்கள் அரசின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை வரம்பு மீறாமல் பிடித்து வைப்பதை இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளவுண்டு, 1961இல் சுவரும் எழுப்பப்பட்ட பெர்லினில் வெளிநாட்டினர் கடந்த காவல் நிலைக்குச் ‘செக்பாயின்ட் சார்லி’ என்று பெயர். தமிழ்நாட்டு நெடுஞ்சாலையின் செக் போஸ்ட்டும் அந்த வகைதான்.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்குச் சொல் தாவியது எப்படி? இடையில் நின்றது கணக்கு. கையாடலுக்குத் தடை வேண்டுமானால் ஒருவர் எழுதுவதை இன்னொருவரும் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். மோசடிக்குத் தடையாக வைத்த அந்த இரண்டாவது பதிவே ‘செக்’ எனப்பட்டது. அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் காலப்போக்கில் செக் ஆயிற்று. ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான்: மூலச் சுருளுக்கு எதிராக வைக்கப்படும் இரண்டாம் சுருள் என்பதே அதன் பழைய பிரெஞ்சுப் பொருள். ‘சரிபார்’ என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. இன்றைக்கு அதிகம் புழங்கும் பொருள் அதுதான் என்றாலும், வயதில் அது இளையது.

இனி பலகையின் தடம். பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றே பட்டம். எக்ஸ்செக்கர் என்பது சதுரங்கப் பலகையைக் குறித்த அதே ‘எஸ்செக்கியே’. முதலாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1110ஆம் ஆண்டளவில், இந்தப் பெயர் அரசு ஆவணத்தில் தலைகாட்டுகிறது. அங்கே நடந்தவற்றைக் கண்முன் நிறுத்தும் நூல் ஒன்றும் உண்டு. இரண்டாம் ஹென்றியின் கருவூல அதிகாரியான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1177ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆசிரியரும் மாணவரும் உரையாடும் பாங்கில் லத்தீனில் எழுதிய கருவூல உரையாடல் அது. ஓர் அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்தே ஒருவர் எழுதிய நூல் அந்தக் காலத்தில் வேறெங்கும் அநேகமாகக் கிடையாது.

அந்நூல் காட்டும் கருவூல மேசை ஏறக்குறைய 10 அடி நீளம், 5 அடி அகலம். நாணயம் உருண்டு விழாதபடி சுற்றிலும் 4 விரல் உயரத்துக்கு விளிம்பு. ஆண்டுதோறும் ஈஸ்டர் பருவத்தில் வாங்கிய புதிய கறுப்புத் துணியை அதன்மேல் விரிப்பார்கள். துணியில் ஓரடி அல்லது ஒரு விரித்த கை அகலத்தில் கோடுகள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு: வலது ஓரத்தில் பென்னி, அடுத்தது ஷில்லிங், பிறகு பவுண்ட், 20 பவுண்ட், 100, 1,000, 10,000 என்று இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். அன்றைய ஐரோப்பா ரோமன் எண்களில் எழுதிக்கொண்டிருந்தது. பூச்சியம் அங்கே இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அந்த எண்களை வைத்துத் தாளில் கழித்தல் போடுவது பெரும்பாடு. துணியில் காசுகளை நகர்த்தினால் அது சில நொடி வேலை.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசனின் பிரதிநிதியாக இருந்த ஷெரீஃப், நிலவருவாய்க்கு ஒரு தொகையைக் குத்தகையாக ஒப்புக்கொண்டு வசூலித்தார். ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரின்போதும் செப்டம்பர் 29இல் வரும் புனித மிக்கேல் திருநாளை ஒட்டியும், அவர் இந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். ஈஸ்டரில் கட்டுவது முன்பணம்போல. இறுதிக் கணக்கு மிக்கேல் திருநாளில். கட்ட வேண்டிய தொகை மேல் வரிசையில் காசுகளாக வைக்கப்படும். கட்டிய தொகை அதற்குக் கீழே வைக்கப்படும். மேலும் கீழுமாக ஒத்துப்போகும் காசுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாக்கி. ஷெரீஃப்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பாக்கி எவ்வளவு என்பதை அவரவர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மேசைக்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர் வந்தது என்று மாணவர் கேட்கும்போது, உருவ ஒற்றுமையோடு மற்றொரு காரணத்தையும் ஃபிட்ஸ்நீல் சொல்கிறார்: இங்கேயும் இருவர் எதிரெதிரே அமர்ந்து பொருதுகிறார்கள், ஒருவர் கருவூலர், மற்றவர் ஷெரீஃப். ஷெரீஃப்களுக்கு அந்த உவமை சிரிப்பை வரவழைத்திருக்காது.

மேசையில் நகர்ந்த காசுகள் கலைந்துவிடும், பதிவு வேண்டும். கருவூலரின் எழுத்தர் தோலில் எழுதிய கணக்கைப் பார்த்துச் சான்சலரின் எழுத்தர் இன்னொரு படி எழுதினார். சுருட்டி வைத்தால் குழாய்போலத் தெரிந்ததால் இவை குழாய்ச் சுருள்கள் எனப்பட்டதாகச் சொல்வார்கள். எஞ்சியவற்றில் மூத்தது 1130ஆம் ஆண்டினது. 1150களில் தொடங்கி 1830கள் வரை ஏறக்குறைய இடைவெளியின்றி இவை கிடைக்கின்றன.

பணம் கட்டியவருக்குக் கொடுத்த ரசீது இன்னும் விநோதமானது. அது ஒரு குச்சி. ஹேசல் மரக் குச்சியில் தொகையை வெட்டுகளாகச் செதுக்குவார்கள். 1,000 பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமனில் ஒரு வெட்டு, 100 பவுண்டுக்குக் கட்டைவிரல் பருமன், 20க்குச் சுண்டுவிரல், 1 பவுண்டுக்கு முற்றிய பார்லி மணியின் பருமன். ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறியது. பென்னிக்கு மரம் பெயராமல் வெறும் கீறல். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். அடிப்பகுதியோடு கூடிய பெரிய பாதி பணம் கட்டியவருக்கு; சிறிய பாதி கருவூலத்துக்கு. இரண்டையும் பொருத்தினால் வெட்டுகள் சேர வேண்டும், மரத்தின் ரேகைகளும் சேர வேண்டும். ஒரு பாதியில் புதிதாக ஒரு வெட்டைச் செதுக்கியவர் மறுபாதிக்கு என்ன செய்வார்? ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் மிஞ்சும் துண்டைத் தமிழில் அடிக்கட்டை என்கிறோம். இங்கிலாந்தின் கருவூலத்தில் அது மெய்யாகவே கட்டையாக இருந்தது.

இந்தக் குச்சிக் கணக்கு 600 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1782இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனாலும் அந்தப் பதவிகளில் இருந்தவர்களின் காலம் முடியும்வரை காத்திருந்ததால் 1826 வரை நடைமுறை தொடர்ந்தது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். நாள் முழுக்கத் திணித்த காய்ந்த மரத்தின் சூட்டில் புகைபோக்கிகள் தாங்காமல் தீப்பிடித்து, அன்றிரவே வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. தேம்ஸ் கரையில் கூடி வேடிக்கை பார்த்தவர்களில் ஓவியர் டர்னரும் ஒருவர்; அந்தத் தீயை அவர் இரண்டு எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். இன்று பிக் பென் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் நாடாளுமன்றக் கட்டடம் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தது.

வங்கிச் செக்கின் பிறப்புக்கு வர, குச்சி எரிந்ததற்கு 175 ஆண்டுகள் முன்னால் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் வணிகர்கள் தங்கள் பணத்தைப் பொற்கொல்லர்களிடமும் பத்திரம் எழுதுபவர்களிடமும் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்தார்கள். ‘இவருக்கு இவ்வளவு கொடுக்கவும்’ என்று துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினால் அவர்கள் கொடுத்தார்கள். எஞ்சியுள்ள இத்தகைய சீட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1659 பிப்ரவரி 16 தேதியிட்டது. மாரிஸ், கிளேட்டன் என்ற இருவர் நடத்திய நிறுவனத்தின் மேல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்டது. அதை அன்று யாரும் செக் என்று சொல்லவில்லை. பற்றுச்சீட்டு, உத்தரவு என்ற வகையில்தான் பெயர் இருந்தது. இந்தப் பொற்கொல்லர்கள் அரசனுக்கும் கடன் கொடுத்தார்கள். 1672 ஜனவரியில் இரண்டாம் சார்லஸ் மன்னர், கருவூலம் திருப்பித் தர வேண்டிய சுமார் 13 லட்சம் பவுண்டை நிறுத்தி வைத்தபோது அவர்களில் பலர் நொடித்துப்போனார்கள்.

போர்ச் செலவுக்காக 1696இல் கருவூலம் தன் பெயரிலேயே கடன் பத்திரங்களை வெளியிட்டது. போலிப் பத்திரம் வந்தால் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் அதன் அடித்தாளிலிருந்து கோணல்மாணலாக வெட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் பத்திரத்தை அடித்தாளோடு பொருத்திப் பார்க்கலாம். மரத்தில் செய்ததைத் தாளில் செய்தார்கள், அவ்வளவே. மோசடிக்குத் தடையாக நின்ற இந்த அடித்தாளுக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று பெயர் வழங்கியது. அடித்தாளோடு கூடிய படிவங்களைத் தனியார் வங்கிகளும் அச்சிட்டன. நூற்றாண்டு முடிவதற்குள் பெயர் அடித்தாளிலிருந்து நழுவி, கிழித்துக் கொடுக்கும் மேல்தாளில் ஒட்டிக்கொண்டது. 1830இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து செக்குகளைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்கத் தொடங்கியது.

பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு வேறு எழுத்துக்கூட்டு வந்ததற்குக் கருவூலமே காரணம். வங்கித் தொழிலைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற நூல்கள் எழுதிய கில்பர்ட் என்ற வங்கியாளர், எக்ஸ்செக்கரின் எழுத்துகளை ஒட்டி எழுதினால் மற்றப் பொருள்களோடு குழப்பம் வராது என்று வாதிட்டார். பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் அந்த வழியில் போயின. அமெரிக்கா பழைய எழுத்துக்கூட்டையே வைத்துக்கொண்டது. உச்சரிப்பில் வேறுபாடில்லாததால் தமிழ் எழுத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை.

செக் என்பது அரபுச் சொல்லான ‘ஸக்’ என்பதிலிருந்து வந்தது என்ற கருத்தும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸக் என்ற பணச்சீட்டு உண்மையில் இருந்தது. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராவின் தென்விளிம்பிலிருந்த அவ்தகூஸ்த் நகரில் 42,000 தினாருக்கான ஸக் ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அரபு வணிகர்கள் இந்த முறையில் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் சொல் கடந்துவந்த படிகள் (தடை, அடித்தாள், பின் பணச்சீட்டு) ஆவணங்களில் வரிசையாகத் தெரிகின்றன. இடையில் அரபுச் சொல் நுழைய இடமே இல்லை. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி வேர்ச்சொல் கட்டுபவர்கள் எல்லா மொழியிலும் உண்டு.

ஒரு வங்கியின் செக் இன்னொரு வங்கியில் கட்டப்படும்போது யாராவது நடந்துபோய்ப் பணம் வாங்கி வர வேண்டியிருந்தது. லண்டனில் அப்படித் தெருத்தெருவாக அலைந்த வங்கி எழுத்தர்கள், லொம்பார்ட் தெருவை அடுத்த ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து செக்குகளை மாற்றிக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் பணமாகக் கொடுத்து முடித்தார்கள். நடையை மிச்சப்படுத்த எழுத்தர்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 1770களில் வங்கிகள் அதற்கென்று ஓர் அறையை வாடகைக்கு எடுத்தன. கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பின் தொடக்கம் அதுவே. செக்கின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவே வங்கியின் பெயரை எழுதும் வழக்கமும் அந்த எழுத்தர்களுடையதுதான்; எந்தச் செக் எந்த வங்கிக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வைத்த அடையாளம். கோடு போட்ட செக்கைக் கணக்கில் மட்டுமே வரவு வைக்கலாம் என்ற சட்டப் பொருள் பிறகு வந்தது.

அமெரிக்காவில் சொல் மேலும் கிளைத்தது. ரயிலில் பெட்டி அனுப்புபவருக்கு ஒரே எண் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகள்: ஒன்று பெட்டியில், ஒன்று கையில். இறங்கும் ஊரில் இரண்டும் பொருந்தினால் பெட்டி கிடைக்கும். வில்லைக்குப் பெயர் செக். சாப்பாட்டுக் கடை பில்லும் அங்கே செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் பார்க்கக் கொடுத்த சீட்டு ‘ரெயின் செக்’; இப்போது அழைப்பை நாசூக்காகத் தள்ளிப்போடும்போதும் அதைச் சொல்கிறார்கள்.

துணியின் கதை பலகையோடு சேர்ந்தது. பலகையைப் போலக் கட்டம் கட்டமாக இருந்த எதையும் இடைக்கால ஆங்கிலம் ‘செக்கர்’ என்றது. சுருங்கிச் ‘செக்’ ஆயிற்று. பக்கிங்ஹாம்ஷயரில் பிரிட்டிஷ் பிரதமர்களின் நாட்டுப்புற மாளிகையான செக்கர்ஸ், 12ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்துக்கு உரியவராக இருந்த கருவூல அலுவலர் ஒருவரால் பெயர் பெற்றதாகச் சொல்கிறார்கள். கார்ப் பந்தய முடிவில் அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடியும் இந்த வகை. தமிழில் இவற்றுக்கெல்லாம் கட்டம் என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. சதுரங்கப் பலகையிலும் கட்டம், ஜாதகத்திலும் கட்டம், காஞ்சிபுரம் சேலையிலும் பாலும் பழமும் கட்டம்.

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஐரோப்பிய வணிகர்கள் துறைமுகத்தின் பெயரையே வைத்தார்கள். கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் ஆகியவற்றில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு இன்றும் ‘மத்ராஸ்’ என்றே பெயர். நைஜீரியாவின் கடலோரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். வாங்கிய துணியை அவர்கள் அப்படியே உடுத்திவிடுவதில்லை. கலபாரிப் பெண்கள் சவர அலகு போன்ற கூரிய முனையால் கட்டங்களுக்குள் தேர்ந்தெடுத்த இழைகளை வெட்டி உருவி எடுப்பார்கள். நெய்தவர் நினைத்தேயிராத புதிய வடிவம் துணியில் எழும்பும். அதற்குப் ‘பெலெடெ பிடெ’ என்று பெயர். பிறப்பு, இறப்புச் சடங்குகளில் அந்தத் துணிக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவில் 1960களில் மெட்ராஸ் சட்டை இளைஞர்களிடையே மோகமாயிற்று. துவைக்கத் துவைக்கச் சாயம் போனதைக் குறையாகச் சொல்லாமல், சாயம் போவதே அசல் சரக்கின் அடையாளம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். வியாபார சாமர்த்தியத்துக்கு அது நல்ல உதாரணம்.

வங்கிச் செக் இந்தியாவுக்கு வருமுன்பே இங்கே வணிகர்களிடம் உண்டி இருந்தது. பர்மா, இலங்கை, மலாயா என்று கடை வைத்திருந்த நகரத்தார் அதை உண்டியல் என்றார்கள். ஓர் ஊரில் எழுதிய சீட்டுக்கு இன்னோர் ஊரில் பணம் கிடைத்தது. 1843இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற மாகாண வங்கிகள் வழியே ஆங்கிலேய முறைச் செக் பரவியது. செக்குக்கு வரையறை தந்தது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். தமிழில் ‘காசோலை’ என்ற பெயர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எழுத்து வழக்கில் நிலைத்தது. பேச்சில் செக் என்பதே ஓடுகிறது. வரைவோலையை யாரும் ‘டிடி’ என்று தவிர வேறெப்படியும் சொல்லாததைப் போலத்தான்.

கணக்கில் பணமில்லாமல் செக் கொடுப்பது நெடுங்காலம் பெரும்பாலும் உரிமையியல் தகராறாகவே இருந்தது. 1881 சட்டத்தில் 138ஆம் பிரிவைச் சேர்த்து, 1989 ஏப்ரல் 1 முதல் அதைக் குற்றமாக்கினார்கள். செக் திரும்பியது தெரிந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் வழக்கு. இப்போது 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடனை உறுதியாக வசூலிக்க வழி பிறந்தது. கூடவே, கடன் கொடுக்கும்போதே தொகை எழுதாத செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் வேர்விட்டது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் குவியும் செக் மோசடி வழக்குகளில் ‘வெற்றுச் செக் கொடுத்தேன்’ என்ற எதிர்வாதம் அடிக்கடி கேட்பது இதனால்தான்.

2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் 6 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைந்தது. டெல்லியில் 2008இல் சோதனையாகத் தொடங்கி 2011இல் சென்னைக்கும் வந்த புதிய முறையில், செக் தாள் அதைக் கட்டிய வங்கியிலேயே தங்கிவிடுகிறது. அதன் படம் மட்டும் மின்வழியே எழுதியவரின் வங்கிக்குப் போகிறது. நெதர்லாந்து, டென்மார்க், நியூசிலாந்து ஆகிய நாடுகள் செக்கையே கைவிட்டன. செக் பிறந்த பிரிட்டனில் 2018இல் அதை நிறுத்தப்போவதாக 2009இல் அறிவித்து, முதியவர்களும் தொண்டு அமைப்புகளும் எதிர்த்ததால் 2011இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி இன்னொரு படி சேர்த்தது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக் எழுதுபவர், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தனியாகத் தெரிவிக்கலாம். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் அதைக் கட்டாயமாக்கலாம். செக் வந்து சேர்ந்ததும் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, பொருந்தினால்தான் பணம் போகும்.